கை வந்துவிடும்

கை வந்துவிடும் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து துளசிமணிக்குச் சோறு இறங்கவில்லை. பெனிட்டா என்று பெயர். நாச்சிமுத்துவின் விழுந்துபோன வலது கையையும் காலையும் மடக்கி நீட்டிவிட வாரம் ஒரு தரம் வருகிற பிசியோதெரபிப் பெண். நேற்று அவன் உள்ளங்கையில் தன் விரலை வைத்து, "புடிங்கப்பா, புடிங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள் திடீரென்று வாயெல்லாம் பல்லாகத் திரும்பினாள். "புடிக்கிறாரும்மா! நீங்க விடாமப் பண்ணிவிட்டீங்கல்ல, அதான். இனிமே பயமில்ல, கை வந்துரும்." சொல்லிவிட்டுத் துளசிமணியின் முகத்தையே பார்த்தாள், அங்கே ஏதோ பொங்கி வழியப் போகிறது என்று. துளசிமணி சிரித்துவைத்தாள். சிரிப்புக்கென்ன, உதட்டை இழுத்தால் வந்துவிட்டுப் போகிறது. பயமில்லையாம். யாருக்குப் பயமில்லை? புருஷன் பக்கத்தில் முப்பது வருஷம் படுத்து எழுந்தவளிடம் வந்து, கல்யாணம்கூட ஆகாத பிள்ளை சொல்கிறது, பயமில்லை என்று. இப்போது சமையலறை ஜன்னல் கம்பி வழியாக வெயில் உள்ளே விழுந்துவிட்டது, அடுப்பில் அவனுக்கு வெந்நீர் கொதிக்கிறது, கொதிக்கிற சத்தத்திலும் அதுதான் கேட்கிறது, கை வந்துரும், கை வந்துரும். வரட்டும். வந்தால் என்ன? வந்தால் என்ன என்று கேட்டுக்கொண்டே வெந்நீரைப் பக்கெட்டில் சாய்த்தவள் பச்சைத் தண்ணீர் கலக்காமலே தூக்கிக்கொண்டு அறை வாசல்வரை போய்விட்டாள். ஆவி முகத்தில் அடித்தபிறகுதான் உறைத்தது. இதை அப்படியே ஊற்றினால் தோல் உரிந்துவிடும். உரிந்தால் உரியட்டுமே என்று கொஞ்ச நேரம் நின்றாள். நின்றது பொய்யில்லை. பக்கெட் கனத்தில் தோள்பட்டை இறங்கியது. பிறகு திரும்பிப் போய்க் குழாயைத் திறந்து தண்ணீர் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்துக்கொண்டு வந்தாள்.

நாச்சிமுத்து விழித்துக்கொண்டுதான் கிடந்தான். வாய் ஒரு பக்கம் கோணி, வலது கண்ணில் நீர் கட்டி, சுற்றாத மின்விசிறியைப் பார்த்தபடி. பேச்சும் போய்விட்டது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும், அது பசியா, மூத்திரமா, கோபமா என்று அவள்தான் அர்த்தம் வைத்துக்கொள்ள வேண்டும். கைலியை உருவினாள், புரட்டினாள், துணியை நனைத்து முதுகைத் துடைத்தாள். இவ்வளவு மாதம் படுத்தும் ஒரு புண் இல்லை, டாக்டரே ஆச்சரியப்பட்ட முதுகு. கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் நாளெல்லாம் குனிந்து தகரம் தட்டிய முதுகு, இன்னும் அந்தக் கூன் போகவில்லை. பட்டறையில் அவன் கைக்குத் தனிப் பெயர் உண்டு. அடிபட்டு வந்த பஸ்ஸின் தகரத்தை மரச்சுத்தியால் தட்டித் தட்டி நெளிவெடுப்பான், கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவான். வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சுத்தான். "உனக்கொரு நாளைக்கு நெளிவெடுக்கோணும்டி." கல்யாணமான புதிதில் அவன் விளையாடுகிறான் என்று நினைத்து அவள் சிரித்திருக்கிறாள், மூளையில்லாதவள். ரசத்தில் புளி தூக்கலாகிவிட்டது, நெளிவெடுத்தான். சீர்வீட்டு விசேஷத்தில் யாரிடமோ பல்லைக் காட்டிப் பேசினாள், நெளிவெடுத்தான். ஒரு நாள் காரணமே சொல்லவில்லை, சாப்பிட்ட கையைக்கூடக் கழுவவில்லை, அறைந்ததில் இடது காதுக்குள் சவ்வு கிழிந்து, குழம்பும் ரத்தமும் கலந்து கழுத்தில் வழிந்தது. இன்றைக்கும் அந்தக் காதில் ஆள் பேசினால் கேட்காது, ஒரு இரைச்சல் மட்டும், எங்கோ மில் ஓடுகிற மாதிரி. அலமாரி முனையில் மண்டையைப் பிடித்து மோதினது எந்த வருஷம்? கோகிலா ஸ்கூல் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா குரல் ஏறினால் அந்தப் பிள்ளை டிவி சத்தத்தைக் கூட்டிவிடும். பாட்டு ஓடும், விளம்பரம் ஓடும், சமையலறையில் இது ஓடும். எவளோ ஒருத்தி சோப்பு போட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போது துளசிமணியின் பல் ஒன்று உடைந்தது. இன்றுவரை அந்த சோப்பை அவள் வாங்கியதில்லை.

சாமி கூலி கொடுத்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். சாமிக்கு அவ்வளவு கரிசனம் இருந்தால் அத்தனை வருஷம் எந்த ஊருக்குப் போயிருந்தது? அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவன் பாதி பஜ்ஜியோடு பக்கத்து ஆள்மேல் சாய்ந்தான், அவ்வளவுதான் கதை. ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தபோது அவள் முதலில் பார்த்தது முகத்தையல்ல, கையைத்தான். விரித்த விரலோடு செத்த மீன் போலக் கிடந்தது. தொட்டுப் பார்த்தாள். கிள்ளிப் பார்த்தாள். நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் நகத்தை நன்றாக இறக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, வெட்கமே இல்லாத சந்தோஷம், சிறுபிள்ளையில் திருவிழாவுக்குக் காத்திருந்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. அன்றைக்குத்தான் மனதுக்குள் அவர் அவன் ஆனான். வெளியே இன்னும் அவர்தான், அவுரு தூங்கறாருங், அவுரு கஞ்சி குடிச்சுட்டாருங். உள்ளே அவன், அவன், அவன். சொல்லச் சொல்ல வாய்க்குள் வெல்லத்தை அடக்கி வைத்திருப்பதுபோல இருக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருக்கலாம் என்று இப்போது அவன் அக்குளைத் துடைக்கும்போது தோன்றுகிறது, தோன்றி என்ன பிரயோஜனம், வீட்டுக்குக் கொண்டுவந்த புதிதில் ஒரு காலை அவன் கஞ்சியை அவள் முகத்திலேயே துப்பினான். தெரியாமல் துப்பவில்லை, கண்ணைப் பார்த்துத் துப்பினான். அவள் கை தானாகப் போனது. படீரென்று ஒரு சத்தம். அவ்வளவு பெரிய சத்தம் தன் கையிலிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியாது. கூரை இடியவில்லை. யாரும் ஓடிவரவில்லை. வெளியே ஒருத்தன் கீரை கீரை என்று கத்திக்கொண்டு போனான். அவள் உள்ளங்கை எரிந்தது, அந்த எரிச்சல் மத்தியானம்வரை இருந்தது, அதை அடிக்கடி மூடி மூடித் திறந்து பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் அவன் துப்பவில்லை. அவள் அடித்தாள். அப்புறம் அது குளிப்பாட்டுவது, பவுடர் போடுவது, கஞ்சி ஊட்டுவதுபோல ஒரு வேலையாகிவிட்டது. குளிப்பாட்டி, கைலி மாற்றி, தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரே ஒரு அறை. அதற்குப் பிறகு கஞ்சி. இரண்டாவது அடி கிடையாது, திட்டு கிடையாது, அதில் அவளுக்கு ஒரு கண்டிப்பு. முதலில் கட்டில் சுவரோரமாகக் கிடந்ததால் வலது கன்னத்தில்தான் அடித்தாள். பெனிட்டா ஒரு நாள் ஊசி முனையால் அவன் உடம்பில் அங்கங்கே தொட்டுப் பார்த்து, வலது பக்கம் உணர்ச்சி ரொம்பக் கம்மி என்று சொன்னபோது துளசிமணிக்குப் பகீரென்றது. அத்தனையும் வீணாகப் போயிருக்கிறது. அன்றைக்கே ஒற்றை ஆளாகக் கட்டிலை இழுத்து நடுவில் போட்டாள். எதிர்வீட்டு லோகாம்பாள் அதைப் பார்த்துவிட்டு, நாலாபக்கமும் நின்று பார்த்துக்க வசதியாப் போட்டுட்டா பாரு, எவளுக்கு இந்த மனசு வரும் என்று தெருவெல்லாம் சொன்னாள். இடது கை நல்ல கை. மூக்கில் போட்டிருந்த குழாயை அதனால் பிடுங்கிப் பிடுங்கி எறிகிறான் என்று ஆஸ்பத்திரியிலேயே துண்டால் கட்டிலோடு கட்டச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குழாய் எடுத்து வெகுநாளாயிற்று. துண்டு மட்டும் போகவில்லை, காலையில் ஒரு வேளைக்கு. கிண்ணத்தைத் தட்டிவிடுகிறார் என்று கேட்பவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு காரணம் இருந்தது, கேட்பவர்தான் யாருமில்லை. கைலி மாற்றிவிட்டு இப்போதும் அதைக் கட்டினாள். பழைய பருத்தித் துண்டு, தோல் உரசாத மாதிரி இரண்டு சுற்று, ரத்த ஓட்டம் நிற்காத அளவுக்கு ஒரு முடிச்சு. தன்னை இப்படி ஒரு நாளாவது பார்த்துக் கட்டி அடித்திருப்பானா? துளசிமணிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே கை வந்துரும் வந்தது.

"துளசி! அண்ணனக் குளிப்பாட்டியாச்சா?" லோகாம்பாள் குரல் கேட்டது. தெருக் கேட்டைத் தாண்டி வந்து ஜன்னலோரம் நின்றுகொண்டாள், வீட்டுக்குள் வரமாட்டாள், பீநாற்றம் என்று வாய்விட்டுச் சொல்லவும் மாட்டாள். "ஆச்சுங்கா. கைப்பயிற்சி குடுக்கோணும்" என்றாள் துளசிமணி துண்டின் முடிச்சை உடம்பால் மறைத்துக்கொண்டு. லோகாம்பாளுக்குச் சொல்ல ஒரு சங்கதி இருந்தது. நேற்றுக் கல்யாண மண்டபத்தில் யாரோ ஒரு சாமியார் பேச்சு, வெள்ளை வேட்டிதான், தாடிகூட இல்லை. "என்ன பேச்சுங்கற! காத்தால எந்திரிக்கறதுக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒரு காரணம் வேணுமாமா. அதைத் தேடி எங்கயும் போகவேண்டாமாமா, நாம பண்ற வேலைக்குள்ளயே இருக்குதாமா. பாத்திரம் வெளக்கறதுலகோட இருக்குதாம். எனக்கு அங்கயே அழுகை வந்துருச்சு துளசி. மவன் மருமவ தனியாப் போனதுக்கப்பறம் நான் எதுக்கு எந்திரிக்கறேன்னே தெரியல. டீ வெக்கறேன், குடிக்கறேன், டம்ளரக் கழுவறேன்." துளசிமணி ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காக "எல்லாருக்கும் அப்பிடித்தானுங்கா" என்றாள். "உனக்கென்ன?" என்றாள் லோகாம்பாள், பொறாமையோடுதான் சொன்னாள். "உன்ற காரணம் கட்டில்ல படுத்துக் கெடக்குது. எந்திரிச்சதும் கண்ணுக்கு நேரா. நான் அந்த மீட்டிங்லயே உன்னத்தான் நெனச்சேன்." நாச்சிமுத்துவின் தொண்டைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. "பாரு, அண்ணனும் ஆமாங்கறாரு" என்று லோகாம்பாள் சிரித்துவிட்டு, அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லிக்கொண்டு போய்விட்டாள்.

நிஜந்தான், நிஜந்தான் என்று அவனுடைய வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டபோது துளசிமணி நினைத்தாள். அந்த வெள்ளை வேட்டிக்காரனுக்கு இது தெரியுமா? பாத்திரம் விளக்குவதில் இருக்குமாம், இதில் இருக்காதா? அவன் விழுவதற்கு முன்னால் காலையில் கண் விழித்ததும் இன்றைக்கு எதற்கு அடி விழும் என்றுதான் அவளுக்கு முதல் நினைப்பு வரும். எழுவதற்குக் காரணம் இல்லை, எழாமல் கிடந்தால் அதற்கும் விழும், அதனால் எழுந்தாள். இப்போது அலாரம் இல்லாமல் கண் திறக்கிறது. முகம் கழுவும்போது பாட்டுக்கூட வருகிறது. இந்த ஒரு அறைக்காகத்தான் அவள் எழுந்திருக்கிறாள், இதற்காகத்தான் அவன் சாகாமல் பார்த்துக்கொள்கிறாள், சளி கட்டினால் பதறிக்கொண்டு டாக்டருக்குப் போன் போடுகிறாள், நாட்டுக்கோழிச் சாறு வைக்கிறாள். செத்துவிட்டால் டம்ளரைக் கழுவிக்கொண்டு லோகாம்பாள் மாதிரி உட்கார வேண்டியதுதான். கோயமுத்தூரிலிருந்து கோகிலா போனில், அம்மா நீ எப்படிம்மா இதெல்லாம் பண்ற, நான் உன் எடத்துல இருந்தா விட்டுட்டுப் போயிருப்பேன் என்று அழுதபோது, பண்ணித்தான கண்ணு ஆகோணும் என்று சொன்னாள். டிவியின் சத்தத்தைக் கூட்டிய பிள்ளையிடம் வேறென்ன சொல்வது? சரி, அதெல்லாம் சரி, ஆனால் இந்தக் கை? இதை எதற்கு இத்தனை மாதமாக எண்ணெய் போட்டு நீவி, மடக்கி, நீட்டி, சொன்னதற்குமேல் கூடுதலாகவே செய்து வந்தாள்? செய்யவில்லை என்றால் யாருக்குத் தெரியும்? பெனிட்டாவிடம், பண்ணறேன் கண்ணு, வரமாட்டேங்குது என்று முகத்தைத் தொங்கப்போட்டால் போயிற்று. அப்படியே காய்ந்து போயிருக்கும். இந்தக் கேள்வியில் வந்துதான் அவளுக்கு ஒவ்வொரு தடவையும் முள்ளில் சேலை மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிறது. இழுத்தால் கிழியும், இழுக்காமலும் நகர முடியாது.

முதல் விரலை நீட்டினாள். தடித்த விரல், தகரம் வெட்டிய தழும்பு குறுக்கே ஓடுகிறது. மடக்கினாள். ஊர் மெச்ச வேண்டும் என்று செய்தாளா? ஊர் என்றைக்கு இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்த்தது, மெச்சுவதற்கு. இரக்கமா? சீ. இரண்டாவது விரல். இந்த விரல்தான், மோதிரம் போட்டிருந்த விரல், மோதிரத்தின் கல் அவள் புருவத்தில் எழுதிவிட்டுப் போன கோடு இன்னும் இருக்கிறது. இதைப் பின்னால் வளைத்தால் எவ்வளவு தூரம் வளையும்? வளைத்தாள். இன்னும் கொஞ்சம். மளுக்கென்று உடையுமா, இல்லை பச்சைக் குச்சி மாதிரி நாராய்க் கிழிந்து உடையுமா? அவன் கண்கள் மின்விசிறியிலிருந்து இறங்கி அவளிடம் வந்தன. அவள் விட்டாள். விட்டுவிட்டு அடுத்த விரல். இவனை என்ன வேண்டுமானாலும் செய்யலாம், தலையணையை முகத்தில் வைத்து ஏறி உட்கார்ந்தால் ஒரு பாட்டு முடிவதற்குள் முடிந்துவிடும், மாரடைப்பு என்றால் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிடுவார். எத்தனை தடவை நினைத்திருக்கிறாள்! நினைத்தது மட்டும்தான். கட்டையை அடித்து என்ன ஆகப்போகிறது? பதில் அங்கேதான் இருக்கிறது, அங்கேதான் என்று துளசிமணிக்குச் சட்டென்று பிடிபட்டது, அவள் உள்ளங்கையால் அவன் மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே. கையில்லாதவனை அடிப்பதில் அவளுக்குப் பசி அடங்கவில்லை. இந்தக் கை வர வேண்டும். வந்து ஓங்க வேண்டும். முப்பது வருஷமும் அது ஓங்கியபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள், ஒரு தடவைகூட அது வருவதைப் பார்த்ததில்லை, பட்டபிறகுதான் தெரியும். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்திருப்பாள். அது பாதி வழியில் வரும்போது பிடிப்பாள், பிடித்து முறுக்குவாள், அப்போதுதான் அவனுக்கும் தெரியும் அவளுக்கும் தெரியும். அதற்காகத்தான் இந்த எண்ணெய், இந்தக் கோழிச்சாறு, எல்லாம். அந்த ஒரு நாளுக்குத்தான் அவள் தினமும் எழுந்திருக்கிறாள். கோழிச்சண்டைக்குச் சேவல் வளர்க்கிறவன்கூட இப்படித் தீனி போட்டிருக்கமாட்டான். நினைக்க நினைக்க உடம்பு சூடேறியது, கூடவே அந்தப் பழைய பயமும் வந்தது. பிடிக்க முடியாவிட்டால்? ஓங்கியதும் கண் தானாக மூடிக்கொண்டுவிட்டால்?

"புடி" என்றாள், பெனிட்டா மாதிரி தன் விரலை அவன் உள்ளங்கையில் வைத்து. ஒன்றுமில்லை. "புடிடா." முதல் தடவையாக வாய்விட்டு அந்த டா வந்துவிட்டது, சொன்னபிறகு தெருக்கதவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாக, கதவு இடுக்கில் விரல் மாட்டி நசுங்குகிற மாதிரி, அந்த விரல்கள் அவள் விரலைச் சுற்றி மூடின. நேற்று பெனிட்டா சொன்ன பிடி இல்லை இது, நிஜமான பிடி, பழைய பிடி. விரலை உருவினாள், வரவில்லை. இன்னொரு கையால் அவன் விரல்களைப் பிரித்து எடுத்தாள். முழங்கையைத் தூக்கி விட்டுப் பார்த்தாள், முன்பெல்லாம் தொப்பென்று விழும், இப்போது கொஞ்சம் நின்று விழுந்தது. வந்துவிட்டது. வந்துரும் இல்லை, வந்துவிட்டது. எத்தனை நாளாக வந்து ஒளித்து வைத்திருக்கிறான், களவாணி? கஞ்சிக் கிண்ணம் ஸ்டூலில் ஆறிக்கொண்டிருந்தது. பெனிட்டா சொன்னதை உடனே கோகிலாவிடம் சொல்லி ஒரு ஆள் வைக்கச் சொல்லலாமா? இன்றைக்கு மட்டும் அந்த ஒரு அறையை விட்டுவிடலாமா? விட்டால் அவனுக்குத் தெரிந்துபோகும், பயந்துவிட்டாள் என்று. நாளைக்கு அவன் முந்திக்கொள்வான். எழுந்தாள். தெருக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள், ஜன்னலைச் சாத்தினாள், சேலை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள். கட்டிலின் இடதுபக்கம் போய் நின்றாள். வா, என்று மனதுக்குள் சொன்னாள். அவன் வலது கை மார்பின்மேல் கிடந்தது, விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. கண்ணை மூடக்கூடாது, மூடக்கூடாது, மூடினால் செத்தாய். அவள் கையை ஓங்கினாள்.

அவன் கையும் எழுந்தது. அவள் கண்ணை மூடவில்லை. முதல் தடவையாக அது எழுந்து வருவதை முழுசாகப் பார்த்தாள், மார்பைவிட்டுக் கிளம்பி, மணிக்கட்டு தொங்க, கழுத்தைத் தாண்டி, முகவாயைத் தாண்டி, குலுங்கிக் குலுங்கி மேலே வந்தது. பிடிக்கத் தயாராக இடது கையை நீட்டினாள். அது அவளிடம் வரவில்லை. அவன் முகத்துக்குக் குறுக்கே போய் இடது கன்னத்தின்மேல் விழுந்தது, உள்ளங்கை வெளியே பார்க்க. முழங்கை விலாவோடு ஒட்டிக்கொண்டது. தாடை தோளுக்குள் போயிற்று. இரண்டு கண்ணும் இறுக மூடின, கோணிப்போன அந்த வலது கண்ணும்கூட எப்படியோ மூடிக்கொண்டது. துண்டில் கட்டிய கை முறுக்கிக்கொண்டு இழுத்தது, கட்டில் கிரீச்சிட்டது. துளசிமணி ஓங்கிய கையோடு நின்றாள். உள்ளங்கை வெளியே இருக்க வேண்டும், அப்போதுதான் அடி விரல் எலும்பில் படாது. முழங்கை ஒட்டியிருக்க வேண்டும், அப்போதுதான் அடுத்தது வயிற்றில் விழாது. மூச்சை வெளியே விடாமல் வைத்திருக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்குத் தெரியும், உடம்புக்குள்ளேயிருந்து தெரியும். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? யாருமில்லை, அவள்தான். எதிரில் நின்று அத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே அடித்தவன். ஒருகணம் அவளுக்கு வெறி வந்தது, அந்த மறைத்த கையைப் பிய்த்தெறிந்து அறைய வேண்டும் என்று, உனக்கு இதுதான் கேட்டதா, இதற்கா நான் எண்ணெய் போட்டேன், அடிக்க வராத கையை வைத்துக்கொண்டு நான் என்னடா செய்வது என்று. அடுத்த கணம் பயம் வந்தது. அவனைப் பார்த்து இல்லை. தலைக்குமேல் நின்றுகொண்டிருந்த தன் கையைப் பார்த்து.

இறக்கினாள். அவன் இறக்கவில்லை. "எறக்குங்க" என்றாள். எத்தனையோ மாதம் கழித்து இந்த அறைக்குள் அவனுக்கு ங்க வந்தது. "அடிக்கல. கைய எறக்குங்க." அந்தக் கை இன்னும் இறுகிக் கன்னத்தோடு ஒட்டியது. அவன் நம்பமாட்டான், அவளும் நம்பியதில்லை. அடிக்கல, கைய எறக்கு என்று சொல்லி, இறக்கியதும் அடித்தவன்தானே அவன். சரி, முடிச்சையாவது அவிழ்ப்போம் என்று துண்டில் கை வைத்தாள், தொட்டதும் அவன் உடம்பு முழுக்க ஒரு துள்ளு துள்ளிச் சுருங்கியது, கைலி நனைந்து விரிப்பில் ஈரம் பரவியது. துளசிமணிக்கு அழுகை வந்தது, அவனுக்காகவா தனக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியாத அழுகை, நாளைக்குக் கண் விழித்ததும் எதற்காக எழுந்திருப்பது என்பதும் அதிலேயே கலந்து வந்தது. முகத்தைத் துடைத்துக்கொள்ளாமலே முடிச்சை அவிழ்த்தாள். அந்தக் கையும் போய் முகத்தின்மேல் ஒட்டிக்கொண்டது. எதைச் சொன்னாலும் இறங்காது. அடித்தவர் அந்த இடத்தைவிட்டுப் போக வேண்டும், காலடி தூரமாகப் போவது காதில் விழ வேண்டும், தூரத்தில் வேறு ஏதாவது வேலை நடக்கிற சத்தம் கேட்க வேண்டும், அப்புறந்தான் கை தானாக இறங்கும். இதைவிட நன்றாக அவளுக்கு வேறெதுவும் தெரியாது. அறையைவிட்டு வெளியே வந்தாள், காலைத் தரையில் அழுத்தி அழுத்தி வைத்துச் சமையலறைவரை நடந்தாள். குழாயைத் திறந்துவிட்டாள். குண்டாவை எடுத்துத் தொட்டியில் போட்டாள். கேட்கிற காதை அறைப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள். கட்டில் சத்தம் இன்னும் வரவில்லை. துளசிமணி இன்னொரு பாத்திரத்தை எடுத்து விளக்கத் தொடங்கினாள், அங்கே நன்றாகக் கேட்கிற மாதிரி.